அங்கவடித் தகடு பிறந்த கதை

கைக்கு அடக்கமான ஒரு தகடு. ஒரு தீப்பெட்டியின் அளவுதான் இருக்கும். செம்புக் கலவையில் வார்த்தது. நூற்றாண்டுகளாக மண்ணுக்குள் கிடந்ததில் மேலெல்லாம் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. அடிப்பக்கம் அகன்று, மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் ஒரு சிறு வளையத்தில் முடிகிறது. முகப்பில் ஒரு சிங்கம். உடல் முன்னோக்கி நடக்கிறது, தலை மட்டும் பின்னால் திரும்பித் தன் முதுகையே பார்க்கிறது. அதன் காலையும் வாலையும் சுற்றிக் கொடிச் சுருள்கள் பின்னிக் கிடக்கின்றன. உச்சி வளையத்திலும் அடியோரத்திலும் ஆணித் துளைகள். துளைகளைச் சுற்றி இரும்புத் துருவின் கறை. தகட்டைத் திருப்பினால், அடியோரம் பின்பக்கமாக மடங்கி, விரல் நகம் அளவுக்கு ஒரு விளிம்பாக நீட்டிக்கொண்டிருக்கிறது.

இங்கிலாந்தின் உழவு நிலங்களில் இந்த வகைத் தகடுகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. எல்லாவற்றிலும் சிங்கம் இருக்காது. சிலவற்றில் மனித முகம், சிலவற்றில் ஒன்றையொன்று கவ்விய பாம்பு போன்ற விலங்குகள், சிலவற்றில் வெறும் கொடி. காலம் அநேகமாக 11-ஆம் நூற்றாண்டு. குதிரையேறுபவர் கால் வைக்கும் வளையத்துக்கு அங்கவடி என்று பெயர். அந்த அங்கவடியைச் சேணத்திலிருந்து தொங்கவிடும் தோல் வார், வளையத்தைச் சந்திக்கும் இடத்தில் அறையப்பட்டவை இந்தத் தகடுகள்.

இன்று இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஒரு தலைமுறைக்கு முன்புவரை, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்த இதே தகடுகளைப் புத்தக அட்டையின் பூண் என்றும் பேழையின் அலங்காரத் தகடு என்றும் அருங்காட்சியகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த அடையாளத்தைத் திருத்த உதவியவர்களில் பெரும்பாலோர் தொல்லியல் படித்தவர்கள் அல்ல. ஓய்வு நாளில் மெட்டல் டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அறுவடை முடிந்த வயல்களில் நடந்த ஆர்வலர்கள். தகடு பிறந்த கதையைச் சொல்லப் போனால் இவர்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அங்கவடியிலிருந்து தொடங்குவோம். மனிதர் குதிரை மேல் ஏறிப் பல நூற்றாண்டுகள்வரை காலுக்கு ஒரு பிடிமானம் இருக்கவில்லை. அலெக்சாண்டரின் குதிரைப்படைக்கு அங்கவடி கிடையாது, ரோமானியர்களுக்கும் கிடையாது. தொடையின் இறுக்கத்தையும் சேணத்தின் வடிவத்தையும் நம்பியே அவர்கள் சண்டையிட்டார்கள். காலுக்கு ஆதாரம் தேடிய முதல் முயற்சிகளில் ஒன்று நம் பக்கத்தில்தான் தெரிகிறது. கிறிஸ்துவுக்கு முந்தைய கடைசி இரு நூற்றாண்டுகளைச் சேர்ந்த சாஞ்சி, பாஜா சிற்பங்களில், குதிரை மேல் இருப்பவரின் பெருவிரல் மட்டும் நுழையும் சிறு கயிற்று வளையத்தை ஆய்வாளர்கள் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். செருப்பில்லாத காலுக்கு அது போதும். குளிர் நாட்டில் தடித்த காலணி போட்டவருக்கு அது உதவாது.

முழுப் பாதமும் நுழையும் வளையம் சீனாவில் தெரியத் தொடங்குகிறது. சாங்ஷாவில் கி.பி. 302-ஆம் ஆண்டுக் கல்லறை ஒன்றில் கிடைத்த மண்பொம்மைக் குதிரைகளில் இடப்பக்கம் மட்டும் ஒரு வளையம் தொங்குகிறது. ஏறுவதற்கு மட்டும் பயன்பட்ட படி அது. சவாரியின்போது காலை அதில் வைத்ததாகத் தெரியவில்லை. அடுத்த நூறு ஆண்டுகளில் ஒன்று இரண்டானது. வடக்கு யான் அரசின் பிரமுகர் ஃபெங் சுஃபு கி.பி. 415-இல் அடக்கம் செய்யப்பட்டபோது அவரோடு வைத்த ஒரு ஜோடி அங்கவடிகள் இன்றும் இருக்கின்றன. மரத்தை வளைத்து, அதன் மேல் தங்க முலாம் பூசிய வெண்கலத் தகட்டைப் போர்த்திச் செய்தவை. தேய்ந்து போகும் பொருளுக்கு இவ்வளவு அலங்காரம் ஏன் என்று தோன்றும். காலம் தெளிவாகத் தெரிந்த மிகப் பழைய ஜோடிகளில் ஒன்றே இப்படி இருக்கிறது என்றால், அங்கவடி தொடக்கத்திலிருந்தே ஒருவரின் அந்தஸ்தையும் சேர்த்துச் சுமந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆசியப் புல்வெளிகளைக் கடந்து அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சேர்த்தவர்கள் அவார்கள். 6-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் தன்யூப் ஆற்றங்கரையில் குடியேறினார்கள். அந்த நூற்றாண்டின் முடிவை ஒட்டி, பைசாந்தியப் பேரரசர் மாரிஸின் பெயரில் வழங்கும் போர்க்கலை நூல், குதிரை வீரரின் சேணத்தில் இரண்டு இரும்பு அங்கவடிகள் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அங்கிருந்து மேற்கு நோக்கி அது மெதுவாகத்தான் நகர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு புகழ்பெற்ற வாதத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைட் 1962-இல் எழுதிய நூலில், அங்கவடி வந்ததால்தான் ஈட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாயும் குதிரை வீரர் உருவானார், அந்த வீரரைப் பராமரிக்கவே நிலம் பங்கிடப்பட்டது, அதிலிருந்தே ஐரோப்பிய நிலமானிய அமைப்பு பிறந்தது என்றார். மறு ஆண்டே அதற்குக் கடுமையான மறுப்பு வந்தது. பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இன்று அந்த வாதத்தை அப்படியே ஏற்பதில்லை. நானும் ஏற்கவில்லை. காரணத்துக்கு இங்கிலாந்தையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே அங்கவடி வந்து பரவிய பிறகும் ஆங்கிலேயர்கள் குதிரையில் போர்க்களம்வரை போய், இறங்கி நின்று சண்டையிட்டார்கள். 991-இல் மால்டன் போரில் தளபதி பிர்த்நாத் தம் வீரர்களைக் குதிரைகளை விரட்டிவிட்டு நடந்து முன்னேறச் சொன்னதாக அந்தப் போரைப் பாடும் பழைய ஆங்கிலக் கவிதை கூறுகிறது. 1066-இல் மன்னர் ஹரால்டு லண்டனிலிருந்து யார்க் பகுதிவரை சுமார் 300 கிலோமீட்டரைச் சில நாள்களில் கடந்து, செப்டம்பர் 25-இல் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் நார்வே மன்னரின் படையை முறியடித்தார். திரும்பித் தெற்கே விரைந்து அக்டோபர் 14-இல் ஹேஸ்டிங்ஸில் நார்மன்களை எதிர்கொண்டபோது அவருடைய படை கேடயச் சுவர் கட்டித் தரையில் நின்றது. அங்கவடி அவர்களுக்குப் பயன்பட்டது பாய்ந்து தாக்க அல்ல. நெடுந்தூரம் களைக்காமல் போய்ச் சேர. மணிக்கணக்கில் தொடையை இறுக்கியபடி உட்கார்ந்திருப்பதற்கும், காலை ஊன்றி உடம்பைத் தளர விட்டு உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல.

இங்கிலாந்துக்கு அங்கவடி பெருமளவில் வந்தது டேனியர்களோடு. 10-ஆம் நூற்றாண்டு டென்மார்க்கில் பெரிய குதிரை வீரர்களை அவர்களுடைய குதிரை, அங்கவடி, குதிமுள், கடிவாளம் எல்லாவற்றோடும் சேர்த்தே புதைத்தார்கள். யூட்லாந்தில் ஃபிரகர்ஸ்லெவ் என்ற இடத்தில் 2012-இல் கண்டறியப்பட்டு 2017-இல் அகழப்பட்ட ஒரு கல்லறையில் தங்க முலாம் பூசிய கடிவாள அணிகள் குவியலாகக் கிடைத்தன. இந்த மரபில் வளர்ந்தவர்கள்தான் முதலில் டேனிய மன்னர் ஸ்வெயின் தலைமையிலும், பிறகு அவருடைய மகன் க்னூட் தலைமையிலும் கடல் கடந்து வந்தார்கள். 1016-இல் க்னூட் இங்கிலாந்தின் மன்னரானார். 1035-இல் இறக்கும்வரை ஆண்டார். தேம்ஸ் போன்ற ஆறுகளின் படுகையிலிருந்து எடுத்த இந்தக் காலத்து இரும்பு அங்கவடிகள் சில அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் மாட்லின் பாலத்தருகே கிடைத்தவற்றில் இரும்பின் மேல் பித்தளை பதித்த வேலைப்பாடு உண்டு.

தகடு பிறந்தது இந்தச் சூழலில். அங்கவடியின் தலைப்பகுதியில் செவ்வக வடிவில் ஒரு கண் இருக்கும். தோல் வாரை அதற்குள் நுழைத்து மடித்து மேலே தைக்க வேண்டும். சவாரி செய்பவரின் எடை முழுவதும் அந்த மடிப்பில் இறங்குகிறது. இரும்பும் தோலும் உரசிக்கொண்டே இருக்கின்றன. வார் முதலில் அறுவது அங்கேதான். அந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து ஆணியடித்து மடிப்பை இறுக்கினால் வாருக்கு ஆயுள் கூடும். தகட்டின் அடியில் பின்பக்கம் நீண்டிருக்கும் விளிம்பு, அங்கவடிக் கண்ணின் மேல் சரியாகப் படிந்து உட்காரும். புத்தக அட்டையில் இந்த விளிம்புக்கு வேலையே இல்லை, பேழையிலும் இல்லை. அங்கவடியின் தலையில் வைத்துப் பார்த்தால்தான் அது ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்குகிறது.

வாரைக் காப்பது மட்டும் நோக்கமென்றால் மொட்டைத் தகடே போதும். சிங்கம் எதற்கு? குதிரை மேல் இருப்பவர் குனிந்தாலொழிய இந்தத் தகடு அவர் கண்ணில் படாது. அன்றைய குதிரைகளும் இன்றைய பந்தயக் குதிரைகள் போல உயரமானவை அல்ல. ஆகவே தகடு வருவது தரையில் நிற்பவரின் இடுப்புக்கு நேரே. வாசலில் நிற்பவர், பாதையோரம் ஒதுங்குபவர், குதிரையைப் பிடிக்க வரும் வேலையாள் ஆகியோர் கண்ணுக்கு அது நன்றாகத் தெரியும். களிம்பு ஏறாத காலத்தில் மஞ்சள் பளபளப்போடு இருந்திருக்கும். பார்ப்பவர்களுக்காகவே அங்கே சிங்கம் வந்தது என்று நினைக்கிறேன்.

அந்தச் சிங்கத்தின் சாயல் எங்கிருந்து வந்தது என்பதற்கு லண்டனில் ஒரு கல் சாட்சி. 1852-இல் செயின்ட் பால் தேவாலய வளாகத்தில் தோண்டியபோது கிடைத்த கல்லறைப் பலகை அது. அதில் ஒரு பெரிய விலங்கு தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறது. உடலைச் சுற்றி நீண்ட கொடிச் சுருள்கள். ஓரத்தில் ஸ்காண்டிநேவிய ரூனிக் எழுத்தில், இந்தக் கல்லை கின்னாவும் டோகியும் வைத்தார்கள் என்று பொறித்திருக்கிறது. இந்தக் கலைப்பாணிக்கு நார்வேயின் ரிங்கரிக்க என்ற வட்டாரத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். க்னூட் ஆட்சியின்போது இங்கிலாந்தில் ஓங்கியிருந்த பாணி அது. அதற்குப் பின் வந்த ஊர்னஸ் பாணியில் விலங்குகள் இன்னும் மெலிந்து, எட்டு எட்டாக முறுக்கிக்கொள்ளும். ஊர்னஸ் என்பது நார்வேயில் மரத்தாலான ஒரு பழைய தேவாலயம் இருக்கும் ஊர். நம் தகடுகளில் இந்த இரண்டும் தெரிகின்றன. தென் இங்கிலாந்து மடாலயங்களின் சுவடி ஓவியங்களில் வளர்ந்த வின்செஸ்டர் பாணியின் இலைக்கொடிகளும் கலந்திருக்கின்றன.

டென்மார்க்கிலும் இத்தகைய தகடுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் மிகப் பெரும்பாலானவை இங்கிலாந்து மண்ணில்தான். அதாவது, இது டேனியர்கள் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த சரக்கு அல்ல. வந்தவர்களின் சவாரி முறையையும் அலங்கார ரசனையையும், ஏற்கெனவே அங்கிருந்த வார்ப்புத் தொழிலாளிகள் தங்கள் கைவழக்கத்தோடு சேர்த்து உருவாக்கிய பொருள். கைதேர்ந்தவர் வார்த்ததில் சிங்கத்தின் பிடரியும் நகமும்கூடத் தெரியும். அதைப் பார்த்து வார்த்தவரின் தகட்டில் வெறும் நாலு கோடுகளும் ஒரு புள்ளியும் மிஞ்சும். முந்தையது பக்கத்தில் இல்லாவிட்டால் அது சிங்கம் என்றே சொல்ல முடியாது. இந்த இரண்டாம் ரகத் தகடுகள்தான் எனக்கு அதிகம் பிடித்தவை. மேல்தட்டில் தொடங்கிய ஒரு பழக்கம் நகல் எடுக்கத் தகுந்த அளவுக்குப் பரவியதை அவை காட்டுகின்றன. பெரிய பிரபுவின் குதிரையில் பார்த்ததைத் தன் குதிரைக்கும் கேட்ட ஒருவர் இருந்தார். கேட்ட விலைக்குள் செய்து கொடுத்த ஒரு வார்ப்பாளியும் இருந்தார்.

கேட்ட அந்த ஒருவர் யார்? க்னூட்டின் சட்டத் தொகுப்பில் பதில் இருக்கிறது. யார்க் பேராயர் வுல்ஃப்ஸ்டன் வகுத்துக் கொடுத்த சட்டங்கள் அவை. ஒரு நிலப்பிரபு இறந்தால் அவர் வீட்டார் மன்னருக்கு என்னென்ன ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு பகுதி பட்டியல் போடுகிறது. ஏர்ல் என்னும் பெரும்பிரபு என்றால் 8 குதிரைகள். அவற்றில் 4 சேணம் பூட்டியவை, 4 பூட்டாதவை. கூடவே 4 தலைக்கவசம், 4 மார்புக் கவசம், 8 ஈட்டி, 8 கேடயம், 4 வாள், மான்கஸ் என்ற அன்றைய கணக்கில் 200 மான்கஸ் தங்கம். மன்னருக்கு நெருங்கிய தேன் என்றால் 4 குதிரைகள். பாதி சேணம் பூட்டியவை. தேன் என்பது மன்னருக்கோ பிரபுவுக்கோ ஊழியம் செய்து நிலம் வைத்திருந்தவர்களின் வகுப்பு. அடுத்த படியில் இருக்கும் சாதாரண தேனுக்குச் சட்டம் கேட்பது ஒரு குதிரை, அதன் பூட்டுச் சாமான்கள், அவருடைய ஆயுதங்கள். சில பகுதிகளில் இவற்றுக்குப் பதிலாகப் பணம்.

ஒரு குதிரை, அதன் பூட்டுச் சாமான்கள். ஒரு கிராமமோ அதில் ஒரு பங்கோ மட்டும் சொந்தமான சிறு நிலக்காரரிடம்கூட அரசு எதிர்பார்த்த சொத்து அது. சேணமும் கடிவாளமும் அங்கவடியும் குதிரையோடு சேர்த்து எண்ணப்படுகின்றன. அவை ஒருவரின் தகுதிக்கான அடையாளம். அவர் இறந்தால் மன்னருக்குக் கணக்குக் காட்ட வேண்டியவை. தகட்டில் சிங்கம் கேட்டவர் இவர்தான், அல்லது இவரைப் போல் ஆக விரும்பிய பக்கத்து ஊர்க்காரர். இவர்களில் பெரும்பாலானோரின் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. டென்மார்க்கில் போலக் கல்லறையைத் தோண்டிப் பார்க்கவும் வழியில்லை. கிறிஸ்தவ இங்கிலாந்தில் அப்போது இறந்தவரோடு பொருள்களை வைத்துப் புதைப்பது வழக்கொழிந்துவிட்டது. மிஞ்சியிருப்பது அவர்கள் போகிற வழியில் தவறவிட்டவை மட்டும்.

தவறிப்போக நிறைய வாய்ப்பு இருந்தது. செம்புத் தகட்டை வாரோடு பிணைத்தவை இரும்பு ஆணிகள். ஆணி துருப்பிடித்துத் தளர்ந்தால் தகடு ஆடும்; உச்சி வளையம் முறியும். முறிந்த வளையத்தோடு கிடைக்கும் தகடுகள் ஏராளம். வயலோரப் பாதையில், சேற்றில், புல்லில் விழுந்தது யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நார்மன் ஆட்சி வேரூன்றி, குதிரை அலங்காரத்தின் பழக்கமும் மாறி, இந்த வகைத் தகட்டை வார்ப்பது நின்றுபோனது. ஹேஸ்டிங்ஸ் வெற்றியைச் சொல்லும் பேயூ சித்திரத் துணி, கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளத்தில் சுமார் 200 குதிரைகளைக் காட்டுகிறது. வீரர்கள் காலை நீட்டி அங்கவடியில் ஊன்றியிருப்பது அதில் தெளிவாகத் தெரியும். விரல் அகலத் தகட்டைக் காட்டும் அளவுக்கு ஊசியும் நூலும் நுணுக்கமாகப் போகவில்லை. அதோடு அந்தத் தகடு மனித நினைவிலிருந்து போய்விட்டது.

மண்ணுக்குள் இருந்ததை மேலே கொண்டுவந்தது 1970-களில் கடைக்கு வந்த மலிவு விலை மெட்டல் டிடெக்டர். ஆயிரக்கணக்கானோர் அதை வாங்கிக்கொண்டு வயலுக்குப் போனார்கள். தொல்லியலாளர்கள் கொதித்தார்கள். ஒரு பொருள் எந்த இடத்தில், எந்த அடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். தோண்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனால் பொருள் இருக்கும், அது சொல்ல வேண்டிய செய்தி அழிந்துவிடும். 1980-இல், எங்கள் கடந்த காலத்தைத் திருடாதே என்ற பொருளில் ஒரு பிரசார இயக்கமே தொடங்கினார்கள். ஆர்வலர்களும் தங்களுக்கென ஒரு தேசிய அமைப்பை உருவாக்கி எதிர்த்து நின்றார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் இரவோடு இரவாகத் திருட்டுத்தனமாகத் தோண்டியவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். அதே நேரம், ஆண்டுதோறும் கலப்பை கிளறிக்கொண்டே இருக்கும் மேல்மண்ணில் அடுக்கு என்று ஒன்று மிஞ்சியிருக்கவில்லை; இரசாயன உரமும் இயந்திரமும் சேர்ந்து அங்கே கிடந்த செம்பை அரித்துக்கொண்டிருந்தன. யாரும் எடுக்காவிட்டால் அதற்கு எதிர்காலம் இல்லை.

நார்ஃபோக் மாவட்டம் மட்டும் வேறு வழியில் போனது. 1970-களின் இறுதியிலேயே டோனி கிரெகரி என்ற தொல்லியலாளர் ஆர்வலர்களின் சங்கக் கூட்டங்களுக்கு நேரில் போய், அவர்கள் எடுத்தவற்றைப் பார்த்து, என்ன பொருள் என்று சொல்லிக் கொடுத்து, எந்த வயலில் கிடைத்தது என்று குறித்துக்கொண்டார். திட்டுவதைவிட இது பலன் தந்தது. நாட்டிலேயே மிக அதிகமாகப் பொருள்கள் பதிவாகும் மாவட்டங்களில் ஒன்றாக நார்ஃபோக் ஆனதன் அடித்தளம் அது.

1996-இல் புதையல் சட்டம் வந்து மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பழமையான தங்கமும் வெள்ளியும் கிடைத்தால் அறிவிப்பது அதன்படி கட்டாயம். ஒற்றைச் செம்புத் தகடு அந்தச் சட்டத்துக்குள் வராது. கண்டெடுத்தவரும் நில உரிமையாளரும் அதை வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை. இந்த ஓட்டையை அடைக்க 1997-இல் சில வட்டாரங்களில் சோதனை முயற்சியாக ஒரு தன்னார்வப் பதிவுத் திட்டம் தொடங்கியது. பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் வேல்ஸ் தேசிய அருங்காட்சியகமும் நடத்தும் அந்தத் திட்டம் 2003-இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதுக்கும் விரிந்தது. வட்டாரத்துக்கு ஒரு பதிவு அலுவலர். கண்டெடுத்தவர் பொருளை அவரிடம் கொண்டுவருகிறார். அலுவலர் அளந்து, எடை போட்டு, முன்னும் பின்னும் படமெடுத்து, கிடைத்த இடத்தின் வரைபட எண்ணோடு பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். திருடர்களுக்கு வழிகாட்டக் கூடாது என்பதால் துல்லியமான இடம் பொதுமக்கள் பார்வைக்கு வராது, ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும். இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. மிகப் பெரும்பாலானவை மெட்டல் டிடெக்டர் ஆர்வலர்கள் தாமாக முன்வந்து காட்டியவை.

அதே 1997-இல்தான் டேவிட் வில்லியம்ஸ் அங்கவடி வார்த் தகடுகளுக்கென்றே ஒரு தனி நூலை வெளியிட்டார். பிரிட்டிஷ் தொல்லியல் மன்றத்தின் வெளியீடு அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஜேம்ஸ் கிரஹாம்-கேம்ப்பெல் போன்றவர்கள் இவை குதிரைச் சாமான் என்று எடுத்துக்காட்டத் தொடங்கியிருந்தார்கள். வில்லியம்ஸ் அருங்காட்சியகங்களிலும் ஆர்வலர்களின் பெட்டிகளிலும் சிதறிக் கிடந்த ஏறக்குறைய 500 தகடுகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் வரைந்து காட்டி, ஏ, பி, சி என்று மூன்று வகுப்புகளாகவும் அவற்றுக்குள் எண்ணிட்ட ரகங்களாகவும் பிரித்தார். பிறகு அவரே சர்ரே வட்டாரத்தின் பதிவு அலுவலராகவும் பணியாற்றினார். இன்று ஒரு ஆர்வலர் வயலில் ஒரு துண்டை எடுத்தால், பதிவேட்டில் அது வில்லியம்ஸ் ஏ வகுப்பு, இன்ன ரகம் என்றுதான் ஏறும். பாதி உடைந்த துண்டாக இருந்தாலும், பின்னால் நீட்டிய விளிம்பை வைத்து இன்னதென்று சொல்லிவிட முடிகிறது. முன்பு பேழைத் தகடு என்று ஒதுக்கப்பட்டவை இப்படித்தான் குதிரையோடு போய்ச் சேர்ந்தன.

இவ்வளவும் சேர்ந்தபோது ஒரு வரைபடம் கிடைத்தது. தகடுகள் கிழக்கிலும் தெற்கிலும் அடர்ந்து கிடக்கின்றன. டேனியர் குடியேற்றம் மிகுந்திருந்த கிழக்குப் பகுதிகளில் கிடைப்பது எதிர்பார்த்ததுதான். அவர்களின் குடியேற்றம் குறைவாக இருந்த தெற்கிலும் நிறையக் கிடைப்பதுதான் கவனிக்க வேண்டியது. டேனிய மன்னரின் காலத்து ரசனையை ஆங்கிலேய நிலக்காரர்களும் தயக்கமின்றி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். படையெடுப்பையும் கப்பத்தையும் பற்றியே பேசும் காலக்குறிப்புகளிலிருந்து இதைத் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

வரைபடத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மெட்டல் டிடெக்டர் ஆர்வலர்கள் போவது உழுத நிலத்துக்கு. மேற்கிலும் மலைப்பாங்கிலும் இருப்பது மேய்ச்சல் நிலம். அங்கே புள்ளிகள் குறைவு என்பதற்குக் குதிரைகள் குறைவு என்று பொருளல்ல. இன்னொன்றும் உண்டு. ஆணியும் கம்பித் துண்டுமாகக் கிடைத்துத் தொல்லை தரும் என்பதால் இரும்பின் ஒலியை ஒதுக்கும்படி கருவியைத் திருகி வைத்துக்கொள்பவர்கள் அதிகம். அங்கவடியோ இரும்பு. அதன் மேல் நடந்து போயிருந்தாலும் கருவி வாய் திறந்திருக்காது. தகடு ஆயிரக்கணக்கில் கையில் இருக்க, அது அலங்கரித்த அங்கவடிகள் ஒப்பீட்டளவில் மிகச் சிலவே இருப்பதற்கு, இரும்பு மண்ணில் துருவாகக் கரைந்துபோவதோடு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே பதிவு செய்யும் ஒவ்வொருவரும் எனக்குப் பெரியவராகத் தெரிகிறார். சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. 2023-இல் புதையல் சட்டத்தின் வரையறையை விரிவாக்கியபோதும், 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, தனிச்சிறப்பு வாய்ந்த உலோகப் பொருள்களைத்தான் புதிதாகச் சேர்த்தார்கள். நூற்றுக்கணக்கில் கிடைக்கும் சாதாரணத் தகடு அதற்குள்ளும் வராது. விற்பனைத் தளத்தில் போட்டால் சில்லறைப் பணம் கிடைக்கும். விற்றுவிட்டால் அடுத்தவர் கையில் அது அழகான ஒரு பழம்பொருள். எந்த வயல் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அந்த ஒரு விவரம் இல்லாத தகடுகளை வைத்துத்தான் முன்பு புத்தகப் பூண் என்று எழுதினார்கள்.

தகட்டின் வழியில் இப்போது அதன் உறவுகளும் வந்துகொண்டிருக்கின்றன. அங்கவடியின் கீழ் மூலைகளில் பொருத்திய விலங்குத் தலைகள், கடிவாளத்தின் இரு பக்கமும் குதிரையின் கன்னத்தை ஒட்டி நின்ற ரிங்கரிக்க பாணிக் கொடி வளைவுகள், பல வார்கள் சந்திக்கும் இடத்தில் மாட்டிய இணைப்பு வளையங்கள் என்று ஒரு முழுக் குதிரைக்கான அணி துண்டு துண்டாகப் பதிவேட்டில் சேர்கிறது. எல்லாம் ஒரே குதிரையில் கிடைத்ததில்லை. வெவ்வேறு மாவட்டங்களில், வெவ்வேறு ஆண்டுகளில், ஒருவரையொருவர் அறியாத ஆர்வலர்கள் எடுத்தவை. வயது மட்டும் ஒன்று; பாணியும் ஒன்று. லிங்கன்ஷயரில் கிடைத்த கன்ன வளைவையும் ஹாம்ப்ஷயரில் கிடைத்த தகட்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் திறந்து வைத்துப் பார்க்க இன்று எந்த ஊரில் இருப்பவருக்கும் முடியும்; தரவுத்தளம் எல்லோருக்கும் இலவசம். சிங்கம் தலையைத் திருப்பியிருக்கும் தகடுகளில் எது முதலில் வார்த்தது, எது அதைப் பார்த்து வார்த்தது என்ற வரிசையைக் கட்டுவதற்கு வேண்டிய படங்கள் அங்கே குவிந்திருக்கின்றன.